பழைய கணக்குல ஓடுற நாடு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு கொஞ்சம் போரடிக்கிற மாதிரி தெரியுற ஒரு டாபிக். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. சென்சஸ். ஸ்கூல்ல சமூக அறிவியல் புக்ல ஒரு அரைப் பக்கம் வந்திருக்கும், ரெண்டு மார்க் கேள்விக்குப் படிச்சிருப்போம், அத்தோட மறந்திருப்போம். ஆனா அதுல நம்ம ரேஷன் அரிசியில இருந்து எம்.பி. சீட்டு வரைக்கும் மாட்டிக்கிட்டு இருக்கு. அதனால ஒரு இருபது நிமிஷம் கூடவே வாங்க.

2023 ஏப்ரல்ல ஒரு நியூஸ் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? உலகத்துலயே அதிக மக்கள் இருக்கிற நாடா சீனாவைத் தாண்டி இந்தியா போகுதுன்னு ஐ.நா. சொன்னாங்க. இந்தியாவோட நம்பர் 142 கோடியே 86 லட்சம். எல்லா குரூப்லயும் அன்னைக்கு மீம் பறந்துச்சு.

சரி, அந்த 142 கோடியை எண்ணினது யாரு? யாரும் எண்ணல. அது ஒரு மதிப்பீடு. பழைய கணக்குல பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழிச்சு, வெளிநாடு போறவங்க வர்றவங்களை அட்ஜஸ்ட் பண்ணி வர்ற எண். நாம கடைசியா வீடு வீடா போய் எண்ணினது 2011-ல. அப்போ வந்தது 121 கோடி. அந்த வருஷம் பிறந்த குழந்தைங்க இப்போ பத்தாம் வகுப்பு பப்ளிக் எக்ஸாம் எழுதுற வயசுக்கு வந்தாச்சு.

1881-ல இருந்து 2011 வரைக்கும் இந்தியாவுல பத்து வருஷத்துக்கு ஒரு தடவை தவறாம சென்சஸ் நடந்திருக்கு. 1941-ல ரெண்டாம் உலகப் போர் நடந்துக்கிட்டு இருக்கும்போதே எடுத்தாங்க. 2021-ல எடுக்க வேண்டியதுதான் முதல் தடவையா நின்னுச்சு. அதுக்கான வீட்டுப் பட்டியல் வேலை 2020 ஏப்ரல் 1-ம் தேதி தொடங்குறதா இருந்துச்சு. ஒரு வாரம் முன்னாடி கொரோனா லாக்டவுன் வந்து ஒத்திவச்சாங்க. அப்புறம் கொரோனா போச்சு, ஆபீஸ் திறந்துச்சு, தேர்தல் நடந்துச்சு. சென்சஸ் மட்டும் தள்ளிக்கிட்டே போச்சு. இப்போ 2027-ன்னு அறிவிச்சிருக்காங்க.

ஒரு கணக்கு ஆறு வருஷம் லேட்டானா என்ன குடி முழுகிப் போயிடுமா? இதுதான் இன்னைக்கு கேள்வி.

ஒரு நள்ளிரவின் போட்டோ

முதல்ல சென்சஸ் எப்படி நடக்குதுன்னு பார்ப்போம். டேட்டாபேஸ் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு ஸ்னாப்ஷாட்னா தெரியும். ஓடிக்கிட்டே இருக்கிற சிஸ்டத்தை ஒரு குறிப்பிட்ட நொடியில அப்படியே உறைய வச்சுப் பார்க்கிறது. சென்சஸ் அதைத்தான் ஒரு நாட்டுக்கே பண்ணுது.

2011-ல பிப்ரவரி 9-ல இருந்து 28 வரைக்கும் வீடு வீடா போனாங்க. ஆனா கணக்கு பிப்ரவரி மாசத்துக்கு இல்ல. மார்ச் 1-ம் தேதி பிறக்குற அந்த நள்ளிரவு 12 மணிக்கு நாட்டுல யார் யார் இருந்தாங்க என்பதுதான் கணக்கு. பிப்ரவரி 12-ம் தேதி உங்க வீட்டுக்கு வந்து எழுதிட்டுப் போயிட்டாங்க, 25-ம் தேதி உங்க அக்காவுக்குக் குழந்தை பிறந்துச்சுன்னு வைங்க. மார்ச் 1-ல இருந்து 5 வரைக்கும் அதே டீச்சர் மறுபடியும் வந்து அந்தக் குழந்தையைச் சேர்ப்பாங்க. நடுவுல யாராவது இறந்திருந்தா பேரை எடுப்பாங்க.

வீடே இல்லாதவங்க? அவங்களுக்குன்னு பிப்ரவரி 28 ராத்திரி. பிளாட்பாரம், ரயில்வே ஸ்டேஷன், கோயில் மண்டபம், பாலத்துக்கு அடியில எல்லாம் ஒரே ராத்திரியில போய் எண்ணணும். அப்படி எண்ணினதுல 2011-ல 17 லட்சத்துக்கும் மேல பேர் இருந்தாங்க.

இந்த வேலையைச் செஞ்சது சுமார் 27 லட்சம் பேர். நிறைய பேர் அரசுப் பள்ளி டீச்சர்ஸ். ஒவ்வொருத்தருக்கும் சுமார் 120-ல இருந்து 150 வீடு இருக்கிற ஒரு தொகுதி. அவங்களே தெருத்தெருவா நடந்து, கையால ஒரு வரைபடம் போட்டு, ஒவ்வொரு கதவுக்கும் ஒரு நம்பர் கொடுப்பாங்க. மொத்தச் செலவு சுமார் 2,200 கோடி ரூபாய். ஆள் ஒண்ணுக்கு 18 ரூபாய் சொச்சம். ஒரு டீயும் ஒரு பிஸ்கட்டும்.

எல்லா சதவீதத்துக்கும் கீழே ஒரு எண்

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். சென்சஸ்னா 'மொத்தம் எத்தனை பேர்'னு ஒரே ஒரு நம்பரைக் கண்டுபிடிக்கிறதுன்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்கோம். அந்த நம்பருக்காக மட்டும்னா 27 லட்சம் பேர் தேவையே இல்ல. மதிப்பீடு பண்ணாலே ஓரளவு சரியா வந்துடும்.

நீங்க நியூஸ்ல பார்க்கிற எந்த சதவீதத்தையும் எடுத்துக்கோங்க. எழுத்தறிவு இத்தனை சதவீதம். ஆயிரம் பேருக்கு இத்தனை டாக்டர். லட்சம் பேருக்கு இத்தனை காசநோய். இது எல்லாமே ஒரு வகுத்தல் கணக்கு. மேல இருக்கிற எண் ஆஸ்பத்திரி, ஸ்கூல், போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து வரும். கீழே இருக்கிற எண், அந்த ஊர்ல மொத்தம் எத்தனை பேர் என்பது, சென்சஸ்ல இருந்துதான் வரும். கீழே இருக்கிறது தப்புன்னா மேல எவ்வளவு சரியா எண்ணினாலும் விடை தப்பு.

ரெண்டு உதாரணம் சொல்றேன்.

ஒண்ணு, 2011 சென்சஸோட வீட்டுப் பட்டியல். அதுல வீட்டுல என்னென்ன வசதி இருக்குன்னு கேட்பாங்க. நாட்டுல 63 சதவீத வீடுகள்ல போன் இருந்துச்சு. வீட்டு வளாகத்துக்குள்ள கழிப்பறை இருந்தது 47 சதவீத வீடுகள்லதான். கையில போன், காலைக்கடனுக்கு வெட்டவெளி. இந்த எண் வெளியானபோது பெரிய பேச்சாச்சு. பேச்சைவிட முக்கியமானது என்னன்னா, இது நாட்டுக்கு மொத்தமா ஒரு எண்ணா மட்டும் வரல. மாவட்டம் மாவட்டமா, ஊர் ஊரா வந்துச்சு. கழிப்பறை கட்டப் பணம் ஒதுக்கணும்னா எந்த ஊருக்கு முதல்லன்னு கேள்வி வரும்ல, அந்தக் கேள்விக்குப் பதில் அந்த டேபிள்லதான் இருந்துச்சு.

இன்னொண்ணு நம்ம சேலம். ஆறு வயசு வரைக்கும் இருக்கிற குழந்தைகள்ல ஆயிரம் ஆணுக்கு எத்தனை பெண் என்பதை சென்சஸ் தனியா கணக்குப் போடுது. 1991-ல தமிழ்நாட்டு சராசரி 948. சேலத்துல 850-ஐ ஒட்டி. ஆயிரத்துக்கு நூறு பெண் குழந்தைங்க குறையுது. இயற்கையா அப்படி நடக்காது. பெண் சிசுக் கொலை பத்தி பத்திரிகையாளர்களும் தொண்டு அமைப்புகளும் அதுக்கு முன்னாடியே எழுதிக்கிட்டுதான் இருந்தாங்க. 'எங்கேயோ ஒண்ணு ரெண்டு நடந்திருக்கும்'னு அதைத் தள்ளிவிட முடிஞ்சுது. சென்சஸ் டேபிள் வந்த பிறகு அப்படித் தள்ளிவிட முடியல. 1992-ல தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு சேலத்துலதான் தொடங்குச்சு. அடுத்த பத்து வருஷத்துல எண் பெருசா மாறல. 2001-லயும் 850-க்குப் பக்கத்துலதான். 2011-லதான் 900-ஐத் தாண்டுச்சு.

இங்க சென்சஸ் ரெண்டு வேலை செஞ்சிருக்கு பாருங்க. பிரச்சினை எங்க இருக்குன்னு காட்டுச்சு. திட்டம் போட்ட பிறகு, அது பலிக்குதா இல்லையான்னும் காட்டுச்சு. முதல் பத்து வருஷம் 'போதாது'ன்னு சொன்னதும் அதே டேபிள்தான். 2011-க்கு அப்புறம் சேலத்துல அந்த எண் ஏறுதா இறங்குதான்னு ஊர்வாரியா எண்ணிப் பார்த்த கணக்கு நம்மகிட்ட இல்ல.

சாம்பிள் எடுத்தா போதாதா?

இந்த எபிசோடுக்காக பேசிக்கிட்டு இருந்தப்போ ஃப்ரெண்ட்ஸ் கேட்டாங்க. 'டேய், சட்டியில வெந்த சோறை ஒரு பருக்கை எடுத்துப் பார்த்தா தெரியாதா? எதுக்கு முழுச் சட்டியையும் எண்ணணும்?' நல்ல கேள்வி. உண்மையிலேயே நாட்டுல அப்படிப் பல சர்வே நடக்குது. தேசிய குடும்ப நல ஆய்வு, 2019-21 சுற்றுல, 6 லட்சத்து 36 ஆயிரம் வீடுகள்ல எடுத்தாங்க.

ஆனா அந்த 6 லட்சம் வீட்டை எங்க இருந்து பொறுக்குறாங்க? ஒரு பட்டியல் வேணும்ல. கிராமத்துக்குக் கிராமப் பட்டியல், நகரத்துக்கு சென்சஸ் தொகுதிப் பட்டியல். அந்தப் பட்டியல் 2011 சென்சஸ்ல இருந்து வந்தது. அதாவது, பருக்கை எடுக்கிற கரண்டியே பழைய சட்டிக்குச் செஞ்சது. 2011-ல வெறும் புல்வெளியா இருந்து இன்னைக்கு ஆயிரக்கணக்கான பேர் குடியிருக்கிற ஒரு இடம் இருக்குன்னு வைங்க. சென்னையைச் சுத்தி அப்படி எத்தனை இடம்னு உங்களுக்கே தெரியும். அந்தப் பட்டியல்ல அது ஒரு சின்ன தொகுதி. இல்ல, எதுவுமே இல்ல. அங்க இருக்கிறவங்க சர்வேயில சிக்குற வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறைவு.

'சரி, ஆதார் இருக்கே?' அதுவும் கேட்டாங்க. ஆதார் ஒரு ஆளுக்கு ஒரு நம்பர். இறந்தவங்க நம்பர் எல்லாம் உடனுக்குடன் போயிடறதில்ல. வீடு மாறினா நம்மள்ல எத்தனை பேர் அட்ரஸ் மாத்துறோம்? மூணு வீடு மாறியும் சொந்த ஊர் அட்ரஸோடயே ஓட்டுறவங்க இந்த எபிசோடைக் கேட்டுக்கிட்டு இருக்கிறவங்கள்லயே பாதிப் பேர் இருப்பீங்க. ஒரு வீட்டுல யார் யார் சேர்ந்து இருக்காங்க, தண்ணி எங்க இருந்து வருது, வேலைக்கு எவ்வளவு தூரம் போறாங்க, எதுவும் அதுல கிடையாது.

வீட்டுக்கு வராமலே சென்சஸ் எடுக்கிற நாடு இல்லையான்னா, இருக்கு. டென்மார்க் 1981-லயே அரசுப் பதிவேடுகளை மட்டும் வச்சு முழு சென்சஸ் எடுத்துச்சு. அங்க வீடு மாறினா உள்ளாட்சி அலுவலகத்துல சொல்லியாகணும். ஒவ்வொரு இடப்பெயர்ச்சியும் பதிவாகுது. நம்ம நாட்டுல பிறப்பு, இறப்புக்குப் பதிவேடு இருக்கு. ஒரு ஊரை விட்டு இன்னொரு ஊர் போறதுக்குப் பதிவேடே கிடையாது. 2011 சென்சஸ்படி, பிறந்த ஊரோ கடைசியா இருந்த ஊரோ மாறி வேற இடத்துல இருக்கிறவங்க 45 கோடிப் பேர். கல்யாணமாகிப் போன பெண்கள், வேலைக்குப் போனவங்க எல்லாம் சேர்த்து. இவ்வளவு பேர் இடம் மாறுற நாட்டுல யார் எங்க இருக்காங்கன்னு தெரிய, கதவைத் தட்டிக் கேட்கிறதைத் தவிர இப்போதைக்கு வழி இல்ல.

பழைய கணக்கு யாரைக் கடிக்குது?

டேட்டா பழசானா தப்பு வரும், சரி. நான் கவனிக்கச் சொல்றது வேற. அந்தத் தப்பு எல்லார் மேலயும் சமமா விழறதில்ல.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013. கிராமத்துல 75 சதவீதம், நகரத்துல 50 சதவீதம் பேருக்கு மானிய விலையில தானியம். மொத்தமா பார்த்தா மூணுல ரெண்டு பேர். 2011 சென்சஸ்படி கணக்குப் போட்டா 81 கோடியே 35 லட்சம் பேர். அந்தச் சட்டத்தோட 9-ம் பிரிவு, இந்தக் கணக்கை எப்படிப் போடணும்னும் சொல்லுது. கடைசியா எண்கள் வெளியான சென்சஸ் எதுவோ, அதை வச்சு. புது சென்சஸ் வராத வரைக்கும் 81.35 கோடிதான் உச்ச வரம்பு.

இப்போ ஐ.நா. சொன்ன 142.86 கோடியில மூணுல ரெண்டு பங்கு போட்டுப் பாருங்க. சுமார் 95 கோடி வரும். 81 எங்க, 95 எங்க? 2020-லயே ஜான் திரேஸ், ரீத்திகா கேரா போன்ற பொருளாதார அறிஞர்கள் 10 கோடிக்கும் மேற்பட்டவங்க இப்படி வெளிய நிக்கிறாங்கன்னு கணக்குப் போட்டுச் சொன்னாங்க.

யார் அந்தப் பத்துக் கோடி? 2011-க்கு முன்னாடி கார்டு வாங்கினவங்க பெரும்பாலும் உள்ள இருக்காங்க. அதுக்கப்புறம் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவங்க, அவங்களுக்குப் பிறந்த குழந்தைங்க, பிழைப்புக்கு வேற ஊர் போனவங்க, இவங்கதான் வரிசையோட கடைசியில நிக்கிறாங்க. மாநிலத்தோட கோட்டா நிரம்பிடுச்சுன்னா, ஒருத்தர் பேரை எடுத்தாதான் இன்னொருத்தரைச் சேர்க்க முடியும். பீகார்லயோ ஜார்க்கண்ட்லயோ ஒரு பெண் புதுசா கார்டு கேட்டுப் போய் நிக்கிறாங்கன்னு வைங்க. அவங்களுக்குக் கிடைக்கிற பதில், 'இடம் இல்லம்மா'. அவங்க ஏழையா இல்லையாங்கிற விசாரணையே அங்க தொடங்கல.

நம்ம ஊர்ல இது அவ்வளவா தெரியாது. ஏன்னா தமிழ்நாட்டுல ரேஷன் எல்லாருக்கும் பொது. மத்திய அரசு கோட்டாவுக்கு மேல போறதை மாநிலம் தன் கையில இருந்து போட்டுச் சமாளிக்குது. வலி இல்லைங்கிறதால பில் இல்லைன்னு நினைச்சுக்கக் கூடாது. பில் வேற இடத்துல வருது.

அடுத்து, ஊர். சென்சஸ்ல 'சென்சஸ் டவுன்'னு ஒரு வகை உண்டு. 5,000 பேருக்கு மேல இருக்கணும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்கணும், ஆண் தொழிலாளர்கள்ல நாலுல மூணு பேராவது விவசாயம் அல்லாத வேலையில இருக்கணும். அப்படி இருந்தா, அரசு ஆணையில அது கிராமப் பஞ்சாயத்தா இருந்தாலும் சென்சஸ் அதை டவுன்னு சொல்லும். 2001-ல நாடு முழுக்க 1,362 சென்சஸ் டவுன். 2011-ல சுமார் 3,900. பத்து வருஷத்துல ரெண்டாயிரத்து ஐந்நூறு ஊர் சத்தமே இல்லாம கிராமத்துல இருந்து டவுனா மாறியிருக்கு. அதுக்கப்புறம் எத்தனை மாறுச்சுன்னு அடுத்த சென்சஸ்தான் சொல்லணும். அது வரைக்கும் அந்த ஊருக்குச் சாக்கடை, குப்பை வண்டி, தெருவிளக்கு எல்லாம் கிராம பட்ஜெட்ல.

நம்ம மாநிலத்தையே எடுத்துக்கோங்களேன். 2011-ல 32 மாவட்டம். இன்னைக்கு 38. செங்கல்பட்டு, தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை, இந்த ஆறு மாவட்டத்துக்கும் கலெக்டர் இருக்காங்க, கலெக்டர் ஆபீஸ் இருக்கு. சொந்தமா ஒரு சென்சஸ் டேபிள் கிடையாது. பழைய தாலுகா எண்களை வெட்டி ஒட்டித்தான் ஓட்டுறாங்க. சென்னை மாநகராட்சியும் அப்படித்தான். 2011 சென்சஸ் சொல்ற 46 லட்சம், 174 சதுர கிலோமீட்டர் பழைய சென்னைக்கு. அதே வருஷம் அக்டோபர்லயே மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டரா விரிஞ்சிடுச்சு.

எண்ணுனா அதிகாரம்

சரி, இவ்வளவு நல்ல விஷயம்னா எல்லாரும் சென்சஸை ஆவலோட எதிர்பார்க்கணும்ல? அப்படி இல்ல. ஏன்னா எண்ணிக்கையை வச்சுத்தான் பங்கு பிரிக்கிறாங்க.

லோக்சபா சீட்டு மக்கள்தொகைப்படி பிரியணும்னு அரசியல் சட்டம் சொல்லுது. 1961 சென்சஸுக்கு அப்புறம் நம்ம மாநிலத்துக்கு 41 சீட்டு 39 ஆச்சு. அதுக்கப்புறம் குடும்பக் கட்டுப்பாட்டை நல்லா நடத்தின மாநிலத்துக்கு அதுவே தண்டனையாகக் கூடாதுன்னு, 1976-ல கொண்டுவந்த 42-வது திருத்தம் மாநிலவாரி சீட்டுப் பங்கை 1971 சென்சஸ்லயே நிறுத்தி வச்சுது. 2001-ல 84-வது திருத்தம் அதை 2026-க்கு அப்புறம் எடுக்கிற முதல் சென்சஸ் வரைக்கும் நீட்டிச்சுது. 2027-ல எடுக்கப்போறது அந்த வரையறைக்குள்ள வருது. 2023-ல நிறைவேறின பெண்கள் இடஒதுக்கீட்டுச் சட்டமும், சென்சஸ் முடிஞ்சு தொகுதி மறுவரையறை ஆன பிறகுதான் நடைமுறைன்னு எழுதப்பட்டுச்சு. வரிப்பணத்தைப் பிரிக்கிற 15-வது நிதிக்குழு 1971 மக்கள்தொகையை விட்டுட்டு 2011-க்கு மாறினப்போ தென் மாநிலங்கள் ஏன் கொதிச்சதுன்னும் இப்போ புரியும். பங்கீட்டு விதி நியாயமா இருக்கணும்னு சண்டை போடலாம், போடணும். அந்தச் சண்டைக்கும் சரியான எண் கையில இருக்கணும்.

அப்புறம் ஜாதி. 1931-க்கு அப்புறம் எல்லா ஜாதிக்கும் சேர்த்து முழு அட்டவணை வெளியானதே இல்ல. சுதந்திரத்துக்குப் பிறகு எஸ்.சி., எஸ்.டி. மட்டும் எண்ணினாங்க. 1980-ல மண்டல் கமிஷன் பிற்படுத்தப்பட்டோர் எத்தனை பேர்னு கணக்குப் போட்டதே 1931 எண்களை அடிப்படையா வச்சுத்தான். 2011-ல தனியா ஒரு சமூகப் பொருளாதார ஜாதிக் கணக்கெடுப்பு நடந்துச்சு. அதுல என்ன ஆச்சுன்னு மத்திய அரசே 2021-ல சுப்ரீம் கோர்ட்ல சொன்னாங்க. 1931-ல 4,147 ஜாதி. இதுல 46 லட்சத்துக்கும் மேல!

46 லட்சம் ஜாதி நாட்டுல முளைக்கல. ஒரே ஜாதியை ஒருத்தர் ஒரு ஸ்பெல்லிங்ல, இன்னொருத்தர் பட்டப்பேரோட, இன்னொருத்தர் கோத்திரம், குலப்பேர்னு சொல்லச் சொல்ல எழுதியிருக்காங்க. ஃப்ரீ டெக்ஸ்ட் பாக்ஸ் வச்சு ஃபார்ம் டிசைன் பண்ணவங்க எல்லாருக்கும் இந்த வலி தெரியும். இந்தத் தடவை ஜாதியையும் சேர்த்து எண்ணப்போறாங்க, அதுவும் மொபைல் ஆப்ல. அதனால கேள்வியை எப்படி அமைக்கிறாங்க, பட்டியலை எப்படித் தயார் பண்றாங்க என்பதுல நம்ம கண்ணு இருக்கணும்.

கதவைத் திறக்கிறவங்க ஏன் பயப்படணும்?

இன்னொரு பயமும் இருக்கு. நான் கொடுக்கிற தகவலை வச்சு என்னையே பிடிச்சுட்டா? இது வீண் பயம்னு நான் சொல்லமாட்டேன். 1942-ல அமெரிக்கா ஜப்பானிய வம்சாவளி மக்களை முகாம்கள்ல அடைச்சப்போ, அவங்க எந்தெந்தத் தெருப் பகுதியில இருக்காங்கன்னு காட்டுற கணக்கு சென்சஸ் அலுவலகத்துல இருந்துதான் போச்சு. 2000-ல அந்த அலுவலகத்தோட இயக்குநர் அதுக்கு மன்னிப்புக் கேட்டார். மேற்கு ஜெர்மனியில 1983-ல சென்சஸுக்கு எதிரா மக்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. தன் தகவல் மேல தனக்கு உரிமை உண்டுன்னு அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. விதிகளைத் திருத்தி, 1987-லதான் எடுத்தாங்க. 2020-ல இங்கேயும் மக்கள்தொகைப் பதிவேடு பத்தி எழுந்த போராட்டங்களை நாம பார்த்தோம்.

நம்ம சட்டம் என்ன சொல்லுது? 1948 சென்சஸ் சட்டம், 15-வது பிரிவு. நீங்க தர்ற தனிப்பட்ட விவரத்தை வேற யாரும் பார்க்க முடியாது, கோர்ட்ல உங்களுக்கு எதிரா சாட்சியமாவும் வைக்க முடியாது. பதில் சொல்றது கட்டாயம், அதே நேரத்துல பதிலைப் பூட்டி வைக்கிறதும் அரசோட கடமை. பேப்பர்ல இருந்து ஆப்புக்குப் போறப்போ அந்தப் பூட்டு எவ்வளவு பலமா இருக்குன்னு கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

அதே சட்டத்துல 8-வது பிரிவுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு வரி இருக்கு. வழக்கப்படி சொல்லக் கூடாதுன்னு இருந்தா, எந்தப் பெண்ணும் தன் கணவர் பேரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லையாம். எங்க பாட்டி தாத்தா பேரைச் சொல்லமாட்டாங்க. 'அவங்க'ன்னுதான் சொல்லுவாங்க. ரொம்பக் கேட்டா முருகன் கோயில் பக்கம் கையைக் காட்டுவாங்க. சட்டம் எழுதினவங்க அவங்க மாதிரி ஆளையும் மனசுல வச்சுத்தான் எழுதியிருக்காங்க. வாசல்ல நின்னு கேட்கிற டீச்சருக்கும் உள்ள இருந்து பதில் சொல்ற பாட்டிக்கும் நடுவுல ஒரு நம்பிக்கை இல்லைன்னா ஃபார்ம்ல எழுதுறது எதுவும் உண்மையா இருக்காது.

உங்ககிட்ட கேட்கிறது

கடைசியா, இந்த எபிசோடைக் கேட்கிற உங்களுக்கு. 2011 சென்சஸ் முடிஞ்சதும் அதையே சரிபார்க்க இன்னொரு ஆய்வு நடத்தினாங்க. ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டுப் போயிருந்தாங்க. 121 கோடிக்குக் கணக்குப் போட்டா ரெண்டே முக்கால் கோடிக்கு மேல.

யார் விடுபடுவாங்கன்னு யோசிங்க. கதவைத் தட்டுறப்போ வீட்டுல இல்லாதவங்க. நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கிற பேச்சிலர் ரூம், நைட் ஷிஃப்ட் போயிட்டுப் பகல்ல தூங்குறவங்க, பிஜி, ஹாஸ்டல், கட்டட வேலை நடக்கிற இடத்துல தகரக் கொட்டகையில இருக்கிற வடமாநிலத் தொழிலாளர்கள், செக்யூரிட்டி உள்ளயே விடாத அப்பார்ட்மென்ட். முக்கால்வாசி நம்ம செட்டுதான்.

'ஊர்ல அம்மா என் பேரை எழுதிடுவாங்க'ன்னு சொல்லாதீங்க. 2011-ல விதி என்னன்னா, அந்த பிப்ரவரி மூணு வாரமும் நீங்க ஊர்ப் பக்கமே போகலைன்னா உங்களை ஊர்ல எழுதக் கூடாது. எங்க இருந்தீங்களோ அங்கதான். வேளச்சேரியில தங்கி, வேளச்சேரித் தண்ணியைக் குடிச்சு, வேளச்சேரி வெள்ளத்துல நின்னுட்டு, கணக்குல மட்டும் விருதுநகர்ல இருந்தா, வேளச்சேரிக்கு மழைநீர் வடிகால் எவ்வளவு பெருசா வேணும்னு கணக்குப் போடுறவங்களுக்கு நீங்க கண்ணுக்கே தெரியமாட்டீங்க.

அறிவிச்சிருக்கிற திட்டப்படி, 2026 ஏப்ரல்ல இருந்து செப்டம்பருக்குள்ள ஒவ்வொரு மாநிலத்துக்கும் 30 நாள் வீட்டுப் பட்டியல். 2027 பிப்ரவரியில ஆள் கணக்கு. மார்ச் 1 நள்ளிரவு அந்த ஸ்னாப்ஷாட். பனி விழுற பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1. ஆன்லைன்ல நாமளே பதிவு பண்ற வசதியும் உண்டு.

ஒரே ஒரு எச்சரிக்கை. சென்சஸ்ல பேங்க் அக்கவுன்ட் நம்பரோ ஏடிஎம் பின்னோ கேட்கிற கேள்வியே கிடையாது. வீட்டுக்கு வர்றவர்கிட்ட அடையாள அட்டை கேளுங்க. பணம், பேங்க் விவரம்னு பேச்சு வந்துச்சுன்னா அவர் சென்சஸ்காரர் இல்ல.

உண்மையான டீச்சர் வந்தா, பாவம், மதிய வெயில்ல நாலு மாடி ஏறி வந்திருப்பாங்க. ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க. பத்து நிமிஷம் உட்கார்ந்து சரியா பதில் சொல்லுங்க. பக்கத்து ரூம்ல பூட்டிட்டுப் போன பசங்க எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருவாங்கன்னும் சொல்லி அனுப்புங்க. அந்த ஒரு தகவலுக்காக அவங்க மறுபடியும் நாலு மாடி ஏறுவாங்க.

அடுத்த எபிசோடுல தொகுதி மறுவரையறையை மட்டும் தனியா எடுத்துப் பேசலாம்னு இருக்கேன். கேள்வி இருந்தா அனுப்புங்க.